பாலிடெக்னிக் வேலையை விட்டுப் பயிற்சியாளர் ஆகலாமா? டெல்டாவிலேயே இருந்து பிழைக்க முடியுமா?

கேள்வி: ஜூன் 14, 2025

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் விரிவுரையாளராக இருக்கிறேன். மாணவர் சேர்க்கை குறைந்துகொண்டே வருகிறது, சம்பளமும் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்கும், அதை விட மனமில்லை. தொழிற்சாலை, மருத்துவமனை, கடை என்று வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். அப்பா அம்மாவை விட்டுவிட்டுச் சென்னை, பெங்களூரு என்று போக முடியாது. டெல்டாவில் இருந்தபடியே இதில் காலம் தள்ள வழி உண்டா? இந்த வேலையில் ஒரு நாளை எப்படி ஓட்டுவது? அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் உருப்பட முடியும் என்கிறார்களே, நிஜமா? அக்கா கும்பகோணத்தில் இருந்தே இதைச் செய்வதாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

ஜூன் 15, 2025

வழி உண்டு, தம்பி. எல்லோரும் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் என்றதும் ஐடி கம்பெனியும் இன்ஜினியரிங் கல்லூரியும்தான் நினைவுக்கு வரும். தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ என்ற ஐடி பூங்காவைத் திறந்தார்கள், ஊருக்கு நல்லது. ஆனால் அதை நம்பி இருக்கிற வேலையை விடாதீர்கள். அங்கே வருகிற நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் ஆட்களையே வைத்துப் பயிற்சியை முடித்துக்கொள்ளும்.

எனக்குச் சோறு போடுவது நடுத்தர மருத்துவமனைகள், கும்பகோணம், மயிலாடுதுறை ஜவுளிக்கடைகள், நவீன அரிசி ஆலைகள், ஓட்டல்கள், தனியார் பள்ளி நிர்வாகங்கள். இவர்களுக்குச் சென்னையிலிருந்து ஆளை வரவழைக்கக் கட்டுப்படியாகாது. வந்தாலும் அவர் இங்கிலீஷில் ஸ்லைடு போட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார். தமிழில் பேசி, இங்கேயே இருந்து, மறுபடியும் வரக்கூடிய ஆளுக்கு இங்கே தேவை இருக்கிறது.

நீங்கள் மெக்கானிக்கல் என்பதால் உங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. திருச்சி பெல் நிறுவனத்தை ஒட்டித் துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளைப் போய்ப் பாருங்கள். வெல்டிங் பிரமாதமாகச் செய்யும் பையனுக்கு வரைபடத்தில் வெல்டிங் குறியீட்டைப் படிக்கத் தெரியாது. இன்னொருவருக்கு வெர்னியர் பிடிக்கத் தெரியும், அளந்ததை எழுதி வைக்கத் தெரியாது. பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டில் நீங்கள் நடத்துகிற பாடம்தான் இது. அங்கே அதற்கு விலை இருக்கிறது.

ஜூன் 15, இரவு

நாலு மணி விஷயத்தை விட்டுவிட்டேன். எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதை வைத்து இந்த வேலை நடப்பதில்லை. ஒரு நாள் பயிற்சிக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் உங்கள் கையில் இருக்கிறதா, அதுதான் கேள்வி. முன்னால் உள்ள நாளைக் காலையில் செலவழித்தாலும் சரி, ராத்திரியில் செலவழித்தாலும் சரி.

ஜூன் 22, 2025

‘பின்னால் ஒரு நாள் எதற்கு, பயிற்சிதான் முடிந்துவிட்டதே’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும். இந்தத் தொழிலில் நான் முழுமனதாக நம்புகிற ஒரே விஷயம் இது.

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து 1885-இல் வெளியிட்டார். மறதி ஒரே சீராக வருவதில்லை. கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும், அப்புறம்தான் போகிற வேகம் குறையும். அர்த்தமுள்ள விஷயம் அவ்வளவு வேகமாகப் போகாது என்றாலும் போகத்தான் செய்யும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த சோதனை அதைவிட எனக்கு உதவியது. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

பயிற்சி முடிந்த அன்று மாலையில் எல்லோரும் தெளிவாகப் பதில் சொல்வார்கள். முதலாளிக்கு மனம் குளிரும், கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துத்தான் நமக்குக் காசு தருகிறார்கள். ஆனால் வேலை நடப்பது அடுத்த வாரத்தில்.

அதனால் தேதி குறிக்கும்போதே இரண்டு தேதி குறிப்பேன், பயிற்சி நாள் ஒன்று, திரும்பப் போகிற நாள் ஒன்று. இரண்டாவதற்கு இரண்டு மணி நேரம் போதும். புதிதாக எதுவும் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்வேன், எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே மட்டும் கை வைப்பேன்.

மருத்துவமனையில் கை கழுவும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதெல்லாம் கை சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன், கிருமி படக்கூடாத வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் படுக்கையைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கை சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி, சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி. இதைப் பயிற்சி அன்று எல்லா நர்ஸ் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். பத்து நாள் கழித்து வார்டில் போய் நின்றால் முதல் நான்கும் நடக்கும், ஐந்தாவது நடக்காது. நோயாளியைத் தொடாமல் டிரிப்ஸ் ஸ்டாண்டை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்கள். வகுப்பில் எத்தனை ஸ்லைடு போட்டாலும் இது கண்ணில் படாது.

ஜூன் 23, 2025

திரும்பப் போகிற நாளுக்கு யார் காசு தருவார்கள் என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தனியாகக் கேட்டால் தர மாட்டார்கள். ‘பயிற்சிக் கட்டணம்’ என்று ஒரே தொகையாகச் சொல்லி, அதற்குள் இரண்டு வருகையையும் அடக்கிவிடுங்கள். தொகை அதிகம் என்றால் முதல் நாளை அரை நாளாக்குங்கள், இரண்டாவது வருகையில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

ஜூலை 6, 2025

ஃபீட்பேக் ஃபார்ம் பற்றி ஒரு நண்பர் சண்டைக்கே வந்துவிட்டார். ‘ஐந்துக்கு ஐந்து வாங்குகிறேன், இதைவிட என்ன சான்று வேண்டும்’ என்கிறார்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்த நான்கு படிகளை நம் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. ஐந்துக்கு ஐந்து என்பது முதல் படி மட்டும்தான். பிடித்த பயிற்சி பலன் தராமல் போவதும் உண்டு, பிடிக்காத பயிற்சி வேலையை மாற்றிவிடுவதும் உண்டு. ஒரு அரிசி ஆலையில் நான் நடத்திய மூட்டை தூக்கும் பயிற்சி யாருக்கும் பிடிக்கவில்லை. முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு என்று வயதில் மூத்தவர்களிடம் ஒரு பெண் சொன்னால் எப்படி இருக்கும்? மூன்றாவது படியைப் பார்க்கத் திரும்பப் போனபோது, இளையவர்கள் சிலர் செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர்கள் செய்யவில்லை. ஆனால் லாரியின் பலகை உயரத்தில் மேடை போட்டுத் தரச் சொல்லி அந்தப் பெரியவர்களே முதலாளியிடம் கேட்டிருந்தார்கள். பயிற்சியைவிட அந்த மேடைதான் சரியான தீர்வு.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. முதல் சந்திப்பில் முதலாளி ‘ஆட்களுக்குப் பயிற்சி கொடுங்கள்’ என்றால், ஒரு ஷிப்ட் முழுக்க ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேட்பேன். ஆட்களுக்குத் தெரியாதது எது, தெரிந்தும் செய்ய முடியாதது எது என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொள்வேன். முதல் பத்திக்குத்தான் பயிற்சி. இரண்டாவதை முதலாளி கையில் கொடுத்துவிடுவேன்.

ஜவுளிக்கடையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ‘பெண்கள் சிரித்த முகமாக இல்லை, வாடிக்கையாளர் பேச்சுப் பயிற்சி கொடுங்கள்’ என்பார்கள். உள்ளே போனால் காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நின்றே இருக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அந்த ஸ்டூலைப் போடாத கடையில் முகமலர்ச்சிப் பயிற்சி எடுக்க மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவேன். சில வாய்ப்பு போகும், போகட்டும்.

ஜூலை 7, 2025

‘அப்படிச் சொன்னால் யார் கூப்பிடுவார்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஸ்டூல் போட்ட கடைக்காரர் கூப்பிடுவார். அவர் அடுத்த தெருவில் இருக்கும் மைத்துனர் கடைக்கும் சொல்லி அனுப்புவார். டெல்டாவில் வேலை இப்படித்தான் வருகிறது, இணையதளம் பார்த்து யாரும் வருவதில்லை.

ஜூலை 20, 2025

பணக் கணக்கு. பேச்சுக்கு நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் இருபது நாள் நின்றால் ஒரு லட்சம் என்று கணக்குப் போட்டுத்தான் பலர் வேலையை விடுகிறார்கள். பார்த்துவிட்டு வர ஒரு நாள், தயாரிக்க ஒரு நாள், நடத்த ஒரு நாள், திரும்பப் போய் அறிக்கை எழுத அரை நாள். 5,000-ஐ மூன்றரையால் வகுத்தால் நாளுக்கு ஆயிரத்து நானூறு சொச்சம். பஸ் செலவை இன்னும் கழிக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு விலை சொல்லுங்கள். பக்கத்துப் பயிற்சியாளர் என்ன வாங்குகிறார் என்பதைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீத வரியை (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடிப்பார்கள். முன்பு 30,000 என்று இருந்த வரம்பு 2025 ஏப்ரலில் ஏறியது. பிடித்தது வரிக்கணக்குத் தாக்கல் செய்தால் சரிக்கட்டப்படும், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். ஜிஎஸ்டி பதிவு சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். இன்னொன்று, உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசிடம் சிறு தொழிலாகப் பதிந்துகொள்வது. இலவசம், ஆன்லைனில் நாமே செய்யலாம். அது இருந்தால் சிறுகுறு நிறுவனச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் நமக்குப் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி. வருமான வரிச் சட்டப்படி, கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை அவர்கள் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. சண்டை போட வேண்டாம், விலைப்பட்டியலின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்து வையுங்கள். அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

ஒரு இடைத்தரகு நிறுவனம் கல்லூரி பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு என்னை அனுப்பிவிட்டு, கல்லூரியிடம் பணம் வரவில்லை என்று ஓர் ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தது. அதன் பிறகுதான் உத்யம் பதிவு செய்தேன். அதற்காகக் கல்லூரி வேலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கு நிரந்தர இடம் உருவாகிவிட்டது. அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது நிஜமான வாய்ப்பு. ஆரம்பத்தில் கையில் காசு ஓடவும் உதவும். ஆனால் ஒரு அரங்கில் இருநூறு பேரை உட்கார வைத்து நாள் முழுக்கப் பேசச் சொல்வார்கள். அங்கே யார் கற்றார், யார் கற்கவில்லை என்று நமக்கே தெரியாது. தொண்டையும் போய்விடும்.

ஆகஸ்ட் 3, 2025

இன்று ஆடிப்பெருக்கு. படித்துறைக் கூட்டத்தைத் தாண்டிச் சுவாமிமலை போனேன். வேலையாக அல்ல, உறவினர் வீடு. பக்கத்தில் ஸ்தபதி பட்டறையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்ததில் இந்தக் கேள்வி பதில் இழை ஞாபகம் வந்தது.

அங்கே சிலைக்கு அளவு எடுப்பது தென்னை ஓலையில். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடிக்கிறார்கள். அந்த மடிப்புதான் முகத்துக்கு, மார்புக்கு, தொடைக்கு அளவு. கற்றுக்கொள்ள வந்த பையனிடம் சிற்ப சாஸ்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை, ஓலையைக் கையில் கொடுக்கிறார்கள். அவன் மெழுகில் செய்கிறான், ஸ்தபதி ஓலையை வைத்துப் பார்க்கிறார், பொருந்தவில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் தட்டிக் காட்டுகிறார். அளவு சரியானால்தான் மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசும் வேலைக்கே போவார்கள்.

ஒற்றை நாற்று நடவு டெல்டாவில் வந்தபோதும் இதையே பார்த்தேன். பதினான்கு நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்று, சதுரமாக. நடவுப் பெண்களுக்கு மண்டபத்தில் உட்கார வைத்துச் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. பழகிய கை கொத்துக் கொத்தாகத்தான் வைக்கும். முடிச்சுப் போட்ட கயிறும், சேற்றில் கட்டம் போடும் மார்க்கர் உருளையும் வயலுக்கு வந்த பிறகு நடந்தது. சென்டிமீட்டர் கணக்கை யாரும் மனப்பாடம் செய்யவில்லை, கயிறே சொல்லிக்கொடுத்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிய ஆட்களை வேகமாகப் பழக்க வேண்டி வந்தபோது மேஸ்திரிகளுக்கு நான்கு படி கொண்ட ஒரு சிறிய அட்டை கொடுத்தார்கள். ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவனைச் செய்ய வை, பின்னால் போய்ப் பார். போர் முடிந்து அங்கே அது மங்கிவிட்டது. ஜப்பான் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டு இன்றுவரை வைத்திருக்கின்றன. நான் ஜூனில் எழுதிய ‘திரும்பப் போகிற நாள்’ அந்த நான்காவது படிதான்.

அதனால் இப்போதெல்லாம் தயாரிப்பு நாளில் பாதியை ஸ்லைடுக்குச் செலவழிப்பதில்லை. வேலை நடக்கிற இடத்தில் என்ன தொங்கவிடலாம், எதை ஒட்டலாம், கையில் எதைக் கொடுக்கலாம் என்றுதான் யோசிக்கிறேன். அந்த டிரிப்ஸ் ஸ்டாண்டில் இப்போது ஒரு மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறது. பட்டையைத் தொட்டால் கையைச் சுத்தம் செய், அவ்வளவுதான் பாடம். துவாக்குடிப் பட்டறைக்கு நீங்கள் போனால் வெல்டிங் குறியீடுகளை ஒரு தகட்டில் பொறித்து மேசையில் பதித்து வையுங்கள். புத்தகம் கொடுத்தால் மறுநாள் டீ டம்ளருக்கு அடியில் இருக்கும்.

ஆகஸ்ட் 24, 2025

‘இன்னும் மூன்று வருடத்தில் ஏஐ எல்லாப் பயிற்சியாளரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும், இந்த நேரத்தில் போய் இவருக்கு ஆசை காட்டுகிறீர்களே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு எழுதியிருக்கிறார், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன்.

ஸ்லைடு தயாரித்து விற்கும் பிழைப்பு முடிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டத்தில் இருக்கிறதே என்று கடமைக்கு நடத்தும் பயிற்சிகளும் ஆன்லைனுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நானே கேள்வித்தாளுக்கும், பேச்சுப் பயிற்சிக்கான சூழ்நிலைகளுக்கும் ஏஐயைப் பயன்படுத்துகிறேன். வேலை வேகமாக முடிகிறது. ஆனால் அது எழுதித் தரும் தமிழில் எந்த வாடிக்கையாளரும் சண்டை போட மாட்டார். ‘ஏங்க, போன வாரம் வாங்கின புடவை, ஒரு தண்ணிக்கே சாயம் போயிடுச்சு’ என்று கத்திக்கொண்டு வரும் அம்மாவை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவாக நானே நடித்து, கடைப் பெண் என்ன சொல்கிறாள் என்று பார்த்துத் திருத்துவதுதான் பயிற்சி.

சட்டப் பயிற்சியில்கூட ஆள் தேவைப்படும் இடம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு வேண்டும், விழிப்புணர்வுப் பயிற்சி அவ்வப்போது நடத்த வேண்டும். வீடியோ ஓட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் மேலாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினால்தான் பெண்கள் பேசுவார்கள். பேசியதைக் கேட்க ஒரு மனுஷி எதிரில் இருக்க வேண்டும். இந்தப் பயிற்சியை நான் வெறும் வருமானமாகப் பார்த்ததே இல்லை.

உணவுத் தொழிலிலும் வாய்ப்பு உண்டு. இருபத்தைந்து பேருக்கு ஒருவர் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். டெல்டாவில் ஓட்டல், மண்டபச் சமையல், இனிப்புக்கடை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு அவர்களிடம் பயிற்சியாளராக அங்கீகாரம் பெற வேண்டும். பெறலாம், பெரிய மலையில்லை. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியை மாதிரியாக வைத்து நாடு முழுக்கப் பரவியவை. வெளியிலிருந்து பயிற்சியாளர்களைக் கூப்பிடுவார்கள். தொகை பெரிதில்லை, ஆனால் கற்றே ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் முன்னால் நிற்கும் அனுபவம் உங்களுக்கு வேண்டும்.

செப்டம்பர் 14, 2025

ஜூனில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எத்தனை மணிக்கு எழுந்தாலும் சரி என்று சொன்னது எல்லோருக்கும் பொருந்துமா என்று யோசனை வந்தது. வீட்டில் சமையலும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதும் தலையில் இருப்பவருக்குக் காலை, மாலை இரண்டுமே சொந்தமில்லை. பெண் பயிற்சியாளர்கள் பலருக்கு இதுதான் நிலை. ஆகவே நேரத்தைவிட இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மாற்றிச் சொல்கிறேன். எனக்கு அந்த இடம் பயணம்தான். கும்பகோணம் தஞ்சாவூர் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் அந்த நாளின் கேள்விகளை முடித்துவிடுவேன். மன்னார்குடி போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் பஸ்ஸில் எல்லோரும் முணுமுணுப்பார்கள், எனக்கோ அரைமணி கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக இருக்கும். ஒரு மருத்துவமனைக்கான முழுப் பாடத்திட்டமும் அந்தக் கேட்டில்தான் பிறந்தது.

திரும்பி வரும்போது அன்றைய அறிக்கை. யார் எங்கே தடுமாறினார், அடுத்த முறை எதைக் கேட்க வேண்டும். அன்றே எழுதாவிட்டால் எபிங்ஹவுஸ் சொன்னது நமக்கும்தான். நிறுவனத்துக்கு ஒரு நோட்டு, பெரிய செயலி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் தொண்டை. இதை யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். ஆசிரியரின் முதலீடே குரல்தான். அரிசி ஆலை இரைச்சலை மீறிக் கத்திப் பழகாதீர்கள், இடுப்பில் மாட்டும் சின்ன மைக் ஸ்பீக்கர் வாங்குங்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் முழுநாள் பயிற்சி ஒத்துக்கொள்ளாதீர்கள். குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் சரியாகவில்லை என்றால் கஷாயத்தை மட்டும் நம்பாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசவே பேசாதீர்கள், அவர்கள் கையால் செய்யும் வேலையை அப்போது வையுங்கள். தூக்கமும் வராது, தொண்டைக்கும் ஓய்வு.

செப்டம்பர் 15, 2025

ஆண்டுக் கணக்கும் ஒன்று உண்டு. ஜூன், ஜூலையில் பள்ளி, கல்லூரி. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஜவுளிக்கடைகள் நமக்குக் கதவையே திறக்காது, ஆனால் அதற்கு முன் புதிய ஆட்களை எடுக்கும்போது கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை சுருங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நிதியாண்டு முடிகிறதே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அதே நேரம் சம்பா அறுவடையில் ஆலைகள் நெருக்கும். மழைக் காலத்தைப் புதிதாகக் கற்கவும் தயாரிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கியாக வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம்.

அக்டோபர் 26, 2025

தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கொள்முதல் நிலைய வாசல்களில் குறுவை நெல் நனைந்து கிடக்கிறது. மனம் எழுத்தில் நிற்கவில்லை. 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கும் நம் தொழிலுக்கும் தொடர்பு உண்டு. ஈரப்பதம் அளக்கும் கருவியைப் பிடிப்பவருக்கு மூட்டையின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் பல இடத்திலிருந்து மாதிரி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தனியார் ஆலைகளில் இதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன். ஒரு ஆள் ஒழுங்காக மாதிரி எடுத்தால் எதிரில் நிற்கும் விவசாயிக்கு நியாயம் கிடைக்கிறது. எண்ணைத் திருப்பி அவருக்கே காட்டுங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். பயிற்சியில் அது ஒரு வரிதான், அதற்காகவே அந்தப் பயிற்சியை விட மாட்டேன்.

நவம்பர் 9, 2025

தம்பி எழுதியிருக்கிறார், துவாக்குடியில் ஒரு பட்டறையில் வரைபடம் படிக்கும் பயிற்சிக்கு இரண்டு அரை நாள் கேட்டிருக்கிறார்களாம், பன்னிரண்டு பேராம். சந்தோஷம்.

வேலையை இப்போது விட வேண்டாம். கல்லூரி விதியில் வெளி வேலைக்கு அனுமதி எப்படி என்று பார்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சனிக்கிழமைகளில் செய்யுங்கள். மழைக்கால இரண்டு மாதத்தைத் தாங்கும் அளவுக்குக் கையில் பணமும், ஆண்டு ஒப்பந்தமாக இரண்டு மூன்று நிறுவனங்களும் சேர்ந்த பிறகு விடுவதைப் பற்றிப் பேசலாம். ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆளெடுக்கும்போதெல்லாம் புதியவர்களைப் பழக்குவது, காலாண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது, அவர்களில் ஒரு மேஸ்திரியையே பயிற்சியாளராக்குவது. ‘அப்படி ஆக்கிவிட்டால் நமக்கு வேலை போகாதா’ என்று கேட்பீர்கள். நான் ஆக்கிவிட்ட இடங்களில் அடுத்த புதுப் பாடத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டு அரை நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், நடுவில் இரண்டு வாரம் விடுங்கள். முதல் நாளில் அவர்கள் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும் வரைபடத்தையே எடுங்கள், பாடப்புத்தகப் படம் வேண்டாம். போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே, போன மாதம் எந்த வேலை திரும்பி வந்தது, வரைபடத்தில் எந்த இடத்தைத் தவறாகப் படித்ததால் வந்தது. முதலாளி சொல்வதையும் ஃபிட்டர் சொல்வதையும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டும் வேறாக இருக்கும்.

விலைப்பட்டியல் மாதிரி கேட்டிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் ரயிலில் உட்கார்ந்து தட்டச்சு செய்து இதே இழையில் போடுகிறேன். உத்யம் எண்ணுக்கு ஒரு வரி விட்டு வைக்கிறேன், அதற்குள் பதிவை முடித்துவிடுங்கள்.